கடல் கடந்த சிராவகர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ஜி.என்.டி. சாலை புழலைக் கடந்து, செங்குன்றம், கவரப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டியை அடைகிறது. அங்கிருந்து ஆந்திரத்தினுள் நுழைந்து, கடற்கரையை ஒட்டியே நீண்டு, கல்கத்தா வரை போகிறது. இச்சாலையின் தொடக்கத்தில் புழலில் ஆதிபகவன் ரிஷபநாதரின் பழமையான ஆலயம் உள்ளது. நாள்தோறும் காலையில் அவ்வூரைக் கடந்து நிறுவனப் பேருந்துகள் கும்மிடிப்பூண்டி சிப்காட் நோக்கியும், தேர்வாய்க்கண்டிகை நோக்கியும் விரைகின்றன. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக உழவு செய்து வந்த நம் குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று இத்தகைய தொழிற்பேட்டைகளில் பொறியாளர்களாகவும் கணக்கர்களாகவும் பணியாற்றுகின்றனர்.

அயல்நாட்டாருடன் வணிகம் இப்பகுதிக்குப் புதிதன்று. பொன்னேரிக்கு அருகிலுள்ள பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டிலேயே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி வாணிபம் நடத்தினர். ஆயினும் அக்காலத்தில் அயலாரோடு நேரில் பேசியவர்கள் தரகர்களும் பெருவணிகர்களும் மட்டுமே. இன்றோ, நேற்றுவரை ஊர் ஜினாலயத்தில் பூசைக்குப் பூக்கொய்து கொடுத்த இளைஞர், இன்று ஜப்பானியரோடும் பிரெஞ்சுக்காரரோடும் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கிறது. அந்த மேசையில் பேச்சு தொழிலைப் பற்றியது. தட்டில் இருப்பதோ நம் விரதத்தைத் தொடுவது. கதிரவன் மறைந்தபின் உண்ணாதவர் இரவு விருந்திற்கு அழைக்கப்படும்போது என் செய்வது? அழைத்தவர் மனம் நோகாமலும், தம் நெறி வழுவாமலும் நடப்பது எங்ஙனம்? பெற்றோர் பலரின் உள்ளத்தில் இவ்வினா உள்ளது.

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து, முப்பத்தேழு வயதும் நிறைவதற்குள் விடை சொல்லி மறைந்தவர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. அவர் குஜராத்தின் சுவேதாம்பர மரபினர். எனினும் இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறடைந்த சம்மேத சிகரத்தைக் காக்கும் பணியில் முன்னின்றவர் என்ற முறையில், திகம்பர மரபினராகிய தமிழ்ச் சமணர்களுக்கும் அவர் நன்றிக்குரியவர்.

மகுவாவில் பிறப்பு

சௌராட்டிரக் கடற்கரையில், பாவ்நகர் அரசுக்கு உட்பட்டிருந்த மகுவா என்னும் ஊரில் 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் வீர்சந்த் பிறந்தார். தந்தை ராகவ்ஜி நகை வணிகர். ஊரில் மதிப்புப் பெற்றவர். இழவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு அழும் வழக்கம் போன்றவை நம் அறத்திற்கு ஒவ்வா எனக் கருதி, அவற்றைத் தம் குடும்பத்தில் விலக்கியவர். வழக்கம் வேறு, அறம் வேறு என்னும் இத்தெளிவு மகனுக்கும் வாய்த்தது. பிற்காலத்தில் மகன் எதைக் கைவிட்டார், எதைக் கைவிடவில்லை என்பதை அறிய விரும்புவோர் தந்தையின் இந்நிலையை நினைவில் கொள்ள வேண்டும்.

1880இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் சிறப்பாகத் தேறி உதவித்தொகை பெற்ற வீர்சந்த், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து 1884இல் பட்டம் பெற்றார். சமணச் சமுதாயத்தில் ஆங்கிலக் கல்வியால் பட்டம் பெற்றவர்கள் அரியராக இருந்த காலம் அது. மறு ஆண்டே, இருபத்தொரு வயதில், இந்தியச் சமணர் சங்கத்தின் மதிப்புறு செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. பிழைப்பிற்கு, அரசாங்க வழக்குகளை நடத்தி வந்த ஆங்கிலேய சொலிசிட்டர் நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற்றார். பகலில் ஆங்கிலேயரின் சட்ட நடைமுறை, மற்ற நேரங்களில் சமுதாயப் பணி என்று அவர் நாள்கள் கழிந்தன. ஆங்கிலேயர் எதை ஆதாரமாக ஏற்பர், எதை வெறும் முறையீடாகக் கொள்வர், எத்தகைய கடிதத்திற்கு விடை எழுதுவர், எதைக் கோப்பினுள் போட்டு மறப்பர் என்பதையெல்லாம் அருகிலிருந்து கண்டார். இவ்வறிவு விரைவிலேயே பயன்பட்டது.

பாலிதானா உடன்பாடு

பாலிதானா அரசின் எல்லைக்குள் சத்ருஞ்சய மலை இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கு வரும் யாத்திரிகர்கள் மீது அவ்வூர் அரசர் வரி விதித்தார். வழிபட வருபவரைத் தலை எண்ணி வரி வாங்குவதைச் சமணர்கள் இழிவாகக் கருதினர். அரசரோ, தம் நாட்டில் வருவோரைக் காக்கும் செலவுக்குத் தமக்குப் பொருள் வேண்டும் என்றார். இரு பக்கமும் பகை முற்றியது. எதிர்த்துப் பேசியவர்களுக்கு அரசரால் துன்பம் நேரக்கூடும் என்ற அச்சமும் இருந்தது.

வீர்சந்த் பாலிதானாவிற்குப் பன்முறை சென்றார். பம்பாய் ஆளுநர் லார்டு ரேயையும், கத்தியவாரின் அரசியல் அதிகாரி கர்னல் வாட்சனையும் கண்டு பேசினார். அரசருக்கு வேண்டியது ஆண்டுதோறும் தவறாத வருவாய். யாத்திரிகருக்கு வேண்டியது மலை வாயிலில் நிறுத்தி எண்ணப்படாத மதிப்பு. ஒருவர் வேண்டுவதைக் கொடுத்தால் மற்றவர் வேண்டுவது கெடும் என எல்லோரும் எண்ணியிருந்தனர். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல என்பதை உடன்பாடு காட்டியது. சமணச் சமுதாயம் ஆண்டுக்கு 15,000 ரூபாயை மொத்தமாகச் செலுத்துவது, அதற்கு ஈடாகத் தனித்தனி யாத்திரிகர் எவரிடமும் வரி வாங்காதிருப்பது என 1886இல் முடிவாயிற்று. அது நாற்பது ஆண்டுகளுக்கு நடைமுறையில் இருந்தது. வணிகக் குடும்பத்தில் பிறந்தவருக்கே உரிய கணக்கு இது. எதிரில் இருப்பவர் உரத்துக் கேட்பது ஒன்று, உண்மையில் அவருக்குத் தேவையானது மற்றொன்று என்பதை அறிந்த கணக்கு.

மலையைக் காத்த வழக்கு

இதனினும் கடுமையான சோதனை கிழக்கிலிருந்து வந்தது. இன்று ஜார்க்கண்டில் உள்ள சம்மேத சிகரம், பார்சுவநாதர் மலை என உலகோரால் அழைக்கப்படுவது. 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட அம்மலையின் ஒவ்வொரு கொடுமுடியிலும் தீர்த்தங்கரர்களின் திருவடிச் சுவடுகள் உள்ளன. யாத்திரிகர்கள் காலணியின்றி, உண்ணா நோன்புடன் ஏறுவர். அம்மலையில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த போடம் என்னும் ஆங்கிலேயர், அங்கே பன்றிகளைக் கொன்று கொழுப்பு எடுக்கும் தொழிற்சாலையை நிறுவினார்.

போடத்தின் பார்வையில் அது ஒரு தொழில். குத்தகை முறைப்படி பெறப்பட்டது. கொழுப்பிற்குச் சந்தை இருந்தது. மலையில் காற்றும் நீரும் நன்றாக இருந்தன. யாத்திரிகரின் பார்வையிலோ அம்மலை முழுவதுமே ஓர் ஆலயம். அதில் ஓர் உயிரின் குருதி சிந்துவது, கருவறையில் கொலை செய்வதற்கு ஒப்பாகும். குத்தகைப் பத்திரத்தில் மலையின் பரப்பு எழுதப்பட்டிருந்தது. அதன் புனிதம் எழுதப்படவில்லை. கீழ் நீதிமன்றத்தில் யாத்திரிகர்களுக்குச் சாதகமான தீர்ப்புக் கிட்டவில்லை. வழக்கு கல்கத்தாவிற்குச் சென்றது.

வீர்சந்த் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். மலை தொடர்பான பழைய சாசனங்களும் ஆவணங்களும் வங்க மொழியில் இருந்தன. மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியிருக்கலாம், வேலை விரைவாக முடிந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஆறு திங்கள் அந்நகரிலேயே தங்கி வங்கமொழியைக் கற்றார். ஆவணங்களைத் தம் கண்ணாலேயே படித்தார். மலையின் மீது சமணர்களுக்குத் தொன்றுதொட்டு இருந்துவரும் வழிபாட்டு உரிமையை, ஆங்கில நீதிமன்றம் ஏற்கும் ஆதாரங்களாகத் திரட்டிக் கொடுத்தார். உயர் நீதிமன்றத் தீர்ப்பு சமணர்களுக்குச் சாதகமாக அமைந்தது. தொழிற்சாலை மூடப்பட்டது.

இன்று தமிழகத்திலிருந்து சம்மேத சிகரத்திற்கு யாத்திரை செல்லும் குடும்பங்கள் அம்மலையில் காணும் அமைதி, இவ்வாறு மீட்கப்பட்ட ஒன்று. எதிராளியைச் சபிப்பதிலோ, சட்டத்தை நொந்துகொள்வதிலோ அவர் காலத்தைச் செலவிடவில்லை. நீதிபதி நம் நெறியை அறியாதவர். அவருக்கு விளங்கும் மொழியில் அதனைச் சொல்லும் பொறுப்பு நம்முடையது என அவர் கொண்டார். அதற்கு வேறொரு மொழியையே கற்க வேண்டுமெனில், அதையும் கற்றார்.

அக்காலத்தில் பம்பாயில் அவரோடு பழகிய இளைஞர்களுள் ஒருவர் இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. சொலிசிட்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த வீர்சந்தும் அவரும் உடனிருந்து இந்தியச் சட்டத்தைப் பயின்றனர். பெரும் வழக்கறிஞர்களின் திறமைகளை வீர்சந்த் எடுத்துக் கூறக் கேட்டதை மகாத்மா தம் வாழ்க்கை வரலாற்றில் நினைவுகூர்ந்துள்ளார்.

சிகாகோ அழைப்பு

1893ஆம் ஆண்டு சிகாகோ நகரில் மாபெரும் உலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. நாடுகள் தத்தம் எந்திரங்களையும் பொருள்களையும் அங்கே பரப்பி வைத்தன. அதனோடு இணைந்து உலகச் சமயப் பேரவையும் கூட்டப்பட்டது. சமணத்தின் சார்பில் ஆசாரியர் விஜயானந்தசூரி என்னும் ஆத்மாராம்ஜி முனிவருக்கு அழைப்பு வந்தது. நடந்தே செல்லும் விரதம் பூண்ட துறவி கப்பலேறுதல் இயலாது. இல்லறத்தில் இருக்கும் சிராவகர் ஒருவரை அனுப்ப முனிவர் முடிவு செய்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் வீர்சந்த். முனிவரிடம் தங்கிச் சமயநூல்களைப் பயின்றார். பேரவைக்கென வினா விடை வடிவில் நூலொன்றையும் முனிவர் ஆக்கித் தந்தார்.

கடல் கடத்தல் குற்றமெனக் கருதப்பட்ட காலம். சமுதாயத்தில் ஒரு சாரார் இப்பயணத்தைக் கடுமையாக எதிர்த்தனர். அயல்நாட்டில் உணவு கெடும், ஒழுக்கம் கெடும், திரும்பி வருபவர் நம்மவராக இரார் என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட இயலாது. நெறியைக் காக்க வேண்டும் என்னும் கவலையே அதன் வேர். வீர்சந்த் அதனை உணர்ந்தவராகவே நடந்தார். சமைத்துத் தருவதற்குத் தம் ஊரினர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டார். கத்தியவார்த் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் சால்வையுமாகவே அமெரிக்க மேடைகளில் தோன்றினார்.

பேரவை செப்டம்பர் 11ஆம் நாள் தொடங்கிப் பதினேழு நாள்கள் நடைபெற்றது. சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய அன்பர்கள் திரட்டிய பொருளால் சென்ற சுவாமி விவேகானந்தரும், இலங்கையிலிருந்து அநகாரிக தர்மபாலரும் அங்கிருந்தனர். வீர்சந்துக்கு அப்போது வயது இருபத்தொன்பது. சமண நெறியின் ஒழுக்கத்தையும் தத்துவத்தையும் அமெரிக்க மக்கள் அவர் வாயால் கேட்டனர். அதுவரை சமணம் என்னும் பெயரையே அறியாதிருந்தோர் அவர்களுள் பெரும்பாலோர்.

பேரவையின் இறுதி நாள்களில் லண்டனிலிருந்து வந்திருந்த பாதிரியார் ஒருவர், தென்னிந்தியக் கோயில்களில் ஊழியம் செய்யும் பெண்களைக் குறித்து இழிவாகப் பேசினார். அவர் தாக்கியது இந்துக்களை, சமணத்தை அன்று. வாளாவிருந்தால் எவரும் வீர்சந்தைக் குறை கூறியிரார். மறுநாளே அவர் எழுந்து விடையளித்தார். தம் சமயத்தின் ஒழுக்கத்தை எவரும் குறை கூறவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, இந்திய மக்களின் சார்பில் பேசினார். எல்லாச் சமுதாயங்களிலும் குறைகள் உண்டு. ஒரு சமுதாயத்தின் குறையைக் காட்டி அதன் சமயத்தையே இகழ்வது வாதம் ஆகாது என்பது அவர் கூற்றின் சாரம். இந்தியாவிற்குச் சென்று எண்ணியது கைகூடாது திரும்பும் சிலர், அந்த ஏமாற்றத்தால் அந்நாட்டைப் பழிக்கின்றனர் என்றும் எடுத்துக்காட்டினார். சினம் இருந்தது, வசை இல்லை.

நிறைவு நாளில் அவர் அவையோரிடம் விடைபெற்றது வேறு வகையில். குருடர் எழுவர் யானையைத் தடவிப் பார்த்த கதையை நினைவூட்டி, அங்கு கேட்ட பல்வேறு கருத்துகளை அக்குருடர்கள் போல் அல்லாது விரிந்த மனத்துடன் நோக்குமாறு வேண்டினார். அநேகாந்தவாதம் என்ற பெயரைச் சொல்லிக் கடினமான தத்துவமாக்காமல், குழந்தைக்கும் விளங்கும் கதையாக்கிக் கொடுத்தது அவர் திறமை.

கடுங்குளிரிலும் விரதம்

பேரவை முடிந்த பின்னரும் வீர்சந்த் அமெரிக்காவில் தங்கிப் பல நகரங்களில் சொற்பொழிவாற்றினார். மூன்று பயணங்களிலுமாக 500க்கும் மேற்பட்ட சொற்பொழிவுகள் நிகழ்த்தினார் என்பர். அவற்றுள் சமயம் மட்டும் பொருளாக இருக்கவில்லை. உணவு, உடல்நலம், இந்தியப் பெண்களின் நிலை, இந்தியாவைப் பற்றி அயலார் கொண்டிருந்த தவறான எண்ணங்கள் எனப் பலவும் இடம்பெற்றன. கேட்போர் எவரென அறிந்து பேச்சை அமைத்தார். உயிர்க்கொலையின் பாவத்தை வினைக்கொள்கை வழி விளக்கினால் அங்கு எல்லோருக்கும் விளங்காது. உணவையும் உடல்நலத்தையும் பற்றிக் கூறினால் செவிகொடுப்பர். கேட்பவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி, தாம் சேர வேண்டிய இடத்திற்கு அவரை அழைத்துச் சென்றார்.

உணவில் மட்டும் அவர் இம்மியும் நெகிழவில்லை. பனி கொட்டும் குளிர்காலத்தில், இறைச்சி உண்ணாமல் உயிர் வாழ்தல் அரிது என எல்லோரும் நம்பிய நாட்டில், தூய மரக்கறி உணவையே உண்டார். இதனைக் கண்டு வியந்தவர் சுவாமி விவேகானந்தர். 1894இல் ஜூனாகட் திவானாக இருந்த ஹரிதாஸ் விஹாரிதாஸ் தேசாய்க்கு எழுதிய கடிதத்தில், அத்தனை குளிரிலும் மரக்கறி தவிர வேறெதையும் தொடாது, தம் நாட்டையும் சமயத்தையும் காத்து நிற்கும் வீர்சந்தை அமெரிக்க மக்கள் விரும்புகின்றனர் என்றும், அவரை அனுப்பியவர்களோ சாதியிலிருந்து விலக்க முயல்கின்றனர் என்றும் மனம் வருந்தி எழுதினார்.

அவ்வருத்தம் பொய்யன்று. வீர்சந்த் ஊர் திரும்பியபோது வரவேற்பும் இருந்தது, விலக்க வேண்டும் என்னும் குரலும் இருந்தது. அயல்நாட்டார் அவர் விரதத்தை மதித்தனர். சொந்த ஊரினர் சிலர் அதை நம்ப மறுத்தனர். ஆத்மாராம்ஜி முனிவர் அவர் பக்கம் உறுதியாக நின்றார். வெளியே செல்பவருக்கு வேண்டிய உறுதியைப் போன்றே, வீட்டில் இருப்பவருக்கு வேண்டிய நம்பிக்கையும் அறத்தின் பகுதியே என்பதை முனிவரின் நிலைப்பாடு காட்டுகிறது. பிள்ளைகளைத் தொலைநாட்டிற்கு அனுப்பும் பெற்றோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

தானியக் கப்பலும் வணிக மாநாடும்

1896இல் மீண்டும் அமெரிக்கா சென்றபோது இந்தியாவில் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியது. சொற்பொழிவால் திரட்டிய நட்பை வீர்சந்த் செயலாக மாற்றினார். பஞ்ச நிவாரணக் குழு அமைந்தது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து மக்காச்சோளம் நிறைந்த கப்பல் ஒன்றும், ஏறத்தாழ 40,000 ரூபாயும் இந்தியா வந்து சேர்ந்தன. பன்னாட்டு வணிகர்கள் சரக்கு அனுப்பும் அதே துறைமுகத்திலிருந்து, விலையின்றி ஒரு கப்பல் புறப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் சமணம் என்னும் பெயரையும் அறியாதிருந்த மக்களின் கொடை அதில் இருந்தது. இந்தியப் பெண்களின் கல்விக்கென அங்கே ஒரு சங்கத்தையும் நிறுவினார்.

இங்கிலாந்தில் தங்கியபோது சட்டமும் பயின்றார். சமண நெறியை விரும்பியோர்க்குக் கற்பித்தார். அவர்களுள் ஹெர்பர்ட் வாரன் குறிப்பிடத்தக்கவர். அவர் ஊன் உண்பதை விட்டு விரதங்களை ஏற்றதோடு, ஆசிரியரிடம் கேட்டவற்றைக் குறிப்பெடுத்துப் பிற்காலத்தில் சமணம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார்.

1899ஆம் ஆண்டு அனைத்துலக வணிக மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதியாக வீர்சந்த் கலந்துகொண்டார். சமயப் பேரவையில் பேசியவரை வணிக மாநாட்டிற்கு அனுப்பியது ஏன் என இன்று சிலர் வியக்கக்கூடும். வியப்பதற்கு ஒன்றுமில்லை. நகை வணிகரின் மகன். ஆங்கிலேய நிறுவனத்தில் சட்டம் பழகியவர். அரசரோடு தொகை பேசி உடன்பாடு கண்டவர். குத்தகைப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் ஆராய்ந்து ஒரு தொழிற்சாலையை வென்றவர். கடல்கடந்து ஒரு கப்பல் தானியத்தைத் திரட்டியவர். இரு நாட்டு மக்கள் ஒருவரையொருவர் எங்கே தவறாகப் புரிந்துகொள்கின்றனர் என்பதை அவரளவு அனுபவத்தால் அறிந்த இந்தியர் அன்று மிகச் சிலரே.

மறைவு

ஓயாத பயணமும் உழைப்பும் உடலை நலியச் செய்தன. நோயுற்ற நிலையில் தாயகம் திரும்பிய வீர்சந்த், சில வாரங்களிலேயே, 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் மறைந்தார். முப்பத்தேழாம் பிறந்தநாளுக்கு இன்னும் பதினெட்டு நாள்கள் இருந்தன. அவர் ஆற்றிய உரைகள் சமணத் தத்துவம், கருமத் தத்துவம், யோகத் தத்துவம் ஆகிய தலைப்புகளில் நூல்களாகப் பின்னர் வெளிவந்தன. சிகாகோ சமண ஆலயத்திலும் மகுவாவிலும் அவர் சிலைகள் நிற்கின்றன. 2002இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

வீர்சந்தின் வாழ்வில் இரண்டு ஒழுக்கங்கள் இணைந்து நின்றன. மொழி, சட்டம், கணக்கு, பேச்சு முறை ஆகியவற்றில் பிறரிடமிருந்து கற்க அவர் ஒருபோதும் நாணவில்லை. வங்கமொழியை முப்பது வயதை எட்டும் நிலையில் எழுத்துக் கூட்டிக் கற்றார். கொல்லாமையில் மட்டும் எவர்க்காகவும் அவர் மாறவில்லை. மாறாததைக் கொண்டு எவரையும் இகழவும் இல்லை. முதலாவது இல்லாதிருந்தால், மலைவழக்கு தோற்றிருக்கும். இரண்டாவது இல்லாதிருந்தால், அவர் பேச்சைக் கேட்க அமெரிக்காவில் எவரும் வந்திரார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் அயல்நாட்டு மேலாளருடன் பணியாற்றும் நம் இளைஞர்க்கும் இவ்விரண்டுமே வேண்டும். அம்மேலாளர் ஏன் கூட்டத்தில் மௌனமாக இருக்கிறார், ஏன் குறித்த நேரத்திற்கு முன்னரே வந்து நிற்கிறார், ஏன் முடியாது என்பதை நேரே சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்பதை அறிய முயல்வது, வங்கமொழி கற்றதற்கு ஒப்பானது. இரவு விருந்திற்கு அழைப்பு வரும்போது, மறைக்காமலும் மன்னிப்புக் கோராமலும் தம் விரதத்தை எளிய சொற்களில் முன்னதாகவே சொல்லிவிட்டு, பகலுணவுக்கு அவரைத் தாம் அழைப்பது, குளிரில் மரக்கறி உண்டதற்கு ஒப்பானது. மகாவீரர் அருளிய அநேகாந்தம் ஆலயத்தில் ஓதுவதற்கு மட்டும் உரியதன்று. தொழிற்சாலையின் உணவுக்கூடத்திலும் அது பயன்படும்.

ஜி.என்.டி. சாலையில் ஒவ்வொரு காலையும் பேருந்துகள் வடக்கு நோக்கிச் செல்கின்றன. அதே சாலையின் மறுமுனையிலுள்ள நகரில்தான், ஒரு மலையைக் காப்பதற்காக வீர்சந்த் ஆறு திங்கள் அமர்ந்து அயல்மொழி எழுத்துகளைப் பயின்றார். புழல் ஆதிபகவன் ஆலயத்தைக் கடக்கையில் கைகூப்பும் இளைஞர்கள் அவரையும் ஒருகணம் நினைப்பார்களாக.